டேப்பின் பசைப் பக்கத்தில் என் கட்டைவிரல்

போத்தனூரிலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு முருங்கைக் கிளை என் காம்பவுண்டுக்குள் விழுந்து கிடந்தது, என் கையில் அரிவாள் இருந்தது. "சார், ஸ்டெல்லா போயிட்டாளுங்க. காலையில காப்பி போட எந்திரிச்சவ அடுப்புக்கிட்டயே சாஞ்சுட்டா" என்றார் ஸ்டெல்லாவின் கணவர். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. என் கோபம் மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு முன்னால் ஓர் அங்குலம்கூட நகராமல் நின்ற ஒரே ஆள் ஸ்டெல்லா மேடம்தான்.

கைரேகைப் பிரிவில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேக்கிங் டேப், ஸ்டிக்கர், பார்சல் லேபிள் என்று ஒட்டுகிற பொருள் எது வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகும். பசையில் பதிந்த ரேகையைக் கண்ணால் பார்க்க முடியாது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து போன்ற சாயத்தில் டேப்பை ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசுவார். பசைமேல் வரிவரியாக ரேகை எழுந்து வரும். எத்தனை கையுறை போட்டாலும் அவர் மணிக்கட்டில் ஊதாக் கறை இருந்துகொண்டே இருக்கும். "கோயில்ல நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டுனா ஃபாதர் என் கையத்தானுங்க பாக்கறாரு" என்று சிரிப்பார். "கத்தியத் துடைச்சுப்போடலாங்க சார், டேப்பத் துடைக்க முடியாதுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது ஒரு கொலையால். சூலூர்ப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். தறி முதலாளி ஒருவர் தன் தறிக்கூடத்திலேயே துணி மூட்டைகளுக்கு நடுவில் செத்துக் கிடந்தார். மண்டையில் இரும்புக் கம்பி அடி. கையைப் பின்னால் கட்டி, வாயையும் மூக்கையும் சேர்த்து, மூட்டை ஒட்டுகிற பழுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். அடிபட்டு உடனே சாகவில்லை, மூச்சுக்குத் தவித்துச் செத்திருக்கிறார். குதிகால் உரசிய இடத்தில் சிமெண்ட் தரையெல்லாம் ரத்தம். பிதுங்கிய கண்ணைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. உயிர் இருக்குமோ என்று வெறுங்கையால் டேப்பைப் பிடித்து இழுத்தேன். மீசையோடு தோலும் சேர்ந்து வந்தது. டேப் என் கையில் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. ஆத்திரத்தில் அதைப் பந்தாகச் சுருட்டி உதறினேன். அந்தப் பந்தைத்தான் கவரில் போட்டு மேடத்துக்கு அனுப்பினோம்.

செத்தவருடைய மச்சினன் வாசலில் விழுந்து புரண்டு அழுதான். முந்தின வாரம் முதலாளியிடம் சண்டை போட்ட முருகேசன் என்ற தறி ஓட்டுகிறவன்தான் செய்திருப்பான் என்று அவன்தான் சொன்னான். முருகேசனைத் தூக்கி வந்தோம். மூன்று நாள் அடித்தேன். ஆளை விட்டு அடித்தேன் என்று எழுதினால் அது பொய். நானேதான் அடித்தேன். அவன் வலது கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி லத்தியால் அடித்தேன். "நா இல்லீங்க சாமி, எம் புள்ள மேல சத்தியமுங்க" என்று கத்தினான். இரண்டு விரல்கள் ஒடியும் சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாம் நாள் "ஆமாங்க" என்றான். அந்த மூன்று நாளும் ஸ்டேஷனுக்கு டிபன் வாங்கி வந்தவன் மச்சினன். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

முருகேசன் ரேகையை எடுக்க ஸ்டெல்லா மேடம் நேரில் வந்தார். வீங்கிப்போன அந்தக் கையைப் பார்த்தார். "ஏனுங்க சார், வெரலையே ஒடைச்சுப்போட்டா நா எதைப் பாத்து ஒப்பிடறதுங்க?" என்றார். எதிர்க் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, வீக்கம் வடியும்வரை அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொரு விரலாக, குழந்தைக்கு மருதாணி வைக்கிற மாதிரி மை தடவி எடுத்தார். போகும்போது, "எலும்பு ஒடிஞ்சாலும் ரேகை ஒடியாதுங்க. அது இவரு நல்ல நேரம்" என்றார்.

நான் சுருட்டி எறிந்த பந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பசை இறுகியதும் இடுக்கியால் அங்குலம் அங்குலமாகப் பிரித்திருக்கிறார். அதற்கே நான்கு நாள் ஆயிற்று. டேப் சுற்ற ஆரம்பித்த அடி நுனியில், எல்லாச் சுற்றுக்கும் உள்ளே, பசைப் பக்கத்தில் ஒரு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெளிவாக எழுந்தன. அவை முருகேசனுடையவை இல்லை. "அவனே ஒத்துக்கிட்டான் மேடம்" என்று போனில் கத்தினேன். "அவரு ஒத்துக்கிட்டாருங்க, டேப்பு ஒத்துக்கலீங்களே" என்றார். பிறகு வீட்டு ஆட்கள் எல்லாருடைய ரேகையும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அடி நுனியில் இருந்தவை மச்சினன் விரல்கள். தறிக்கூடத்தைத் தன் பெயருக்கு எழுதித் தராத ஆத்திரம். பிடிக்கப் போனபோது கம்பியால் என் புருவத்தைப் பிளந்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆனால் டேப்பில் இன்னொரு ரேகையும் இருந்தது. கடைசிச் சுற்றின் நுனியில், அதே பசைப் பக்கத்தில், என் வலது கட்டைவிரல். மேடம் அதையும் அறிக்கையில் எழுதிவிட்டார். நான் நேராக அவர் ஆபீசுக்குப் போனேன். "என்னைக் கோர்ட்டில் நாற அடிக்கவா எழுதினீங்க? அந்த வரியை எடுங்க" என்று சத்தம் போட்டு நாற்காலியை உதைத்தேன். அது மேசையில் மோதிச் சாயப் பாட்டில் உடைந்து தரையெல்லாம் ஊதா ஓடியது. கையைக்கூட ஓங்கிவிட்டேன், அவமானமாக இருக்கிறது, ஆனால் ஓங்கினேன். அவர் பின்வாங்கவில்லை. "உங்க ரேகைய மறைச்சா அந்த மச்சினன் ரேகையவும் கோர்ட்டு நம்பாதுங்க. முருகேசன் திரும்ப உள்ள போவாரு. நவுருங்க, கண்ணாடி குத்தீரும், நான் தொடைக்கோணும்" என்று துணியை எடுத்துக் குனிந்தார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. நான் டேப்பை உரித்தபோது தானும் பக்கத்தில் வந்து உதவியதாகவும், அதனால் தன் விரல் பட்டிருக்கும் என்றும் மச்சினன் தன் வக்கீல் மூலம் சொன்னான். மேடம் கூண்டில் நின்று அமைதியாகப் பதில் சொன்னார். உரித்தவர் கை மேல் நுனியில் இருக்கிறது, அது இன்ஸ்பெக்டருடையது. அடி நுனியைப் பசையில் பிடித்தவர்தான் சுற்றியவர், அது இவருடையது. நான் கூண்டேறி, வெறுங்கையால் இழுத்தேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். எனக்கு மெமோ வந்தது, மச்சினனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. என் கட்டைவிரல் அந்தக் காகிதத்தில் இல்லாதிருந்தால் முருகேசன் என்ன ஆகியிருப்பான் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று அந்த ஊதா ரேகையின் போட்டோ ஒன்றை மேடம் என்னிடம் தந்தார். "உங்குளுதுங்க, வெச்சுக்கங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருக்கா முருகேசன் ஊட்டுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க சார்" என்றார். போகிறேன் என்றேன். போகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொடுத்தனுப்பிவிட்டு, போன் செய்து, "போனீங்களா சார்?" என்று கேட்பார். வேலை, உடம்பு சரியில்லை, வழி தெரியவில்லை என்று வருடத்துக்கு ஒரு பொய் சொன்னேன். கொலைகாரர்களை நேருக்கு நேர் பார்த்த எனக்கு அந்த ஒரு வீட்டு வாசலுக்குப் போகத் துணிச்சல் இல்லை.

போத்தனூர்க் கல்லறையில் பெட்டியை இறக்கியதும் எல்லாரும் பிடிமண் போட்டார்கள். எனக்கு முன்னால் நரைத்த தலையோடு ஒருவர் குனிந்து மண் அள்ளினார். விரல் இடுக்கு வழியே பாதி மண் சிந்தியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்துகொண்டார்.

"நான் அன்னிக்கே வந்திருக்கணும் முருகேசன். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க" என்றேன்.

"மேடம் வருசாவருசம் சொல்லுவாங்க. அவரு வருவாருங்க, வருவாருங்கன்னு" என்றார் முருகேசன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மண் ஒட்டிய வலது கையை நீட்டினார்.

ஸ்டெல்லா மேடத்தை அறிந்த உங்களிடம் அவர் தந்தவை நிறைய இருக்கும். என்னிடம் இருப்பது மேசை டிராயரில் உள்ள அந்த ஊதாக் கட்டைவிரல் போட்டோ. இனி அதோடு இன்னொன்றும் இருக்கும். அன்று முருகேசன் என் கையைப் பிடித்தபோது மூன்று விரல்கள்தான் பிடித்தன. மற்ற இரண்டும் நேராக நீட்டிக்கொண்டு நின்றன.