நாலாம் நம்பர் பஸ்ஸின் பின்கதவு

நாலாம் நம்பர் பள்ளி பஸ்ஸில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் பஸ் அக்காவுக்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல். "இறங்குங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டால் தெருமுனையில் தூங்கும் நாய்கூட எழுந்து வரிசையில் நிற்கும். பிள்ளைகளை ஏற்றணும், இறக்கணும், வாந்தி எடுத்தால் துடைக்கணும். சம்பளம் வாங்கும் வேலை அவ்வளவுதான். ஆனால் எப்போதோ வேறொரு பஸ்ஸில் என்ஜின் புகைந்தபோது, பிள்ளைகள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் கிளம்புமுன் பத்து நிமிஷம் அவள் வகுப்பு நடக்கும். பின்பக்க அவசரக் கதவின் சிவப்புக் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புவது, புகையில் எப்படிக் குனிந்து போவது, பையை ஏன் தொடக்கூடாது, எல்லாம் சொல்லித் தருவாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றரை நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கையைத் தட்டிக் கதவைக் காட்டினாள். ஒரு வாண்டும் அசையவில்லை.

"நீங்க இன்னும் கத்தலையே அக்கா" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன், பல்லைக் காட்டிக்கொண்டு.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அடக் கடவுளே, இதுங்க என் தொண்டையைத்தானா இத்தனை நாளா படிச்சுதுங்க! அந்த பஸ்ஸில் சீட் இல்லாமல் நின்றுகொண்டே வருகிறவள் அவள் ஒருத்திதான். வண்டி மோதினால் முதலில் விழப்போவதும் அவள்தான். அப்புறம் யார் கத்துவது?

அடுத்த வாரம் நடைவழியில் தடாலென்று மல்லாந்து படுத்தாள். "நான் மயங்கிட்டேன். டிரைவர் அண்ணனும் மயங்கிட்டாரு. முன்கதவு திறக்கல. நீங்களே பாத்துக்கங்க."

"என்னை ஏம்மா இழுக்கறே, நான் டீ குடிக்கப் போகணும்" என்றார் டிரைவர்.

பிள்ளைகள் சிரித்தார்கள், குழம்பினார்கள், நாலே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்திதான் மசியவில்லை. அக்காவின் முந்தானையை விடாததால் அவளுக்குப் பெயரே பசை. அக்கா விழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்று அழுவாள். பின்னால் வரும் ஐந்தாறு பேர் வழியில்லாமல் நிற்பார்கள்.

பசையின் அம்மா பள்ளி மேனேஜரிடம் போய்விட்டாள். "அக்கா செத்துட்டாங்கன்னு சாப்பிடாம அழறா சார். இது என்ன விளையாட்டு?"

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை அப்பா அம்மா முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டு. ஒரு பிள்ளை அழுதாலும் இந்தக் கூத்தை அன்னிக்கே மூட்டை கட்டிடணும்."

அந்த வாரம் முழுக்க அக்கா பசையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் விழுந்தா உன்னால தூக்க முடியுமா?"

"முடியாது."

"யாரால முடியும்?"

"பெரியவங்களால."

"அவங்களை யாரு கூப்பிடறது?"

பசை தன்னையே விரலால் காட்டிக்கொண்டாள். "நானா?"

"பின்னே, டிரைவர் அண்ணனா? அவருதான் டீ குடிக்கப் போயிட்டாரே."

வெள்ளிக்கிழமை வந்தது. வெளியே பெற்றோர், கையில் கடிகாரத்தோடு மேனேஜர். அக்கா கண்ணை மூடிப் படுத்தாள். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஷூக்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின. பிறகு ஒரு ஜோடி அவள் தலைமாட்டில் நின்றுவிட்டது. ஒரு சின்னக் கை மூக்கருகே வந்தது. விசும்பல் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அக்கா. ஒரு கண்ணைச் சிமிட்டினால் போதும், குழந்தை சமாதானமாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். போடி கண்ணு, என்னை விட்டுட்டுப் போ.

பசை அவள் வயிற்றிலேயே ஒரு மிதி மிதித்துத் தாண்டி ஓடினாள்.

"உள்ளே அக்கா விழுந்துட்டாங்க! மூச்சு வருது! பெரியவங்க யாராவது ஓடி வாங்க!" கண்ணும் மூக்கும் ஒழுக, தொண்டை கிழியக் கத்தினாள். டீ டம்ளரைப் போட்டுவிட்டு டிரைவர் நிஜமாகவே ஓடிவந்தார்.

மேனேஜர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "பாப்பா அழுதுட்டாளே."

"அழுதா என்ன சார்?" என்றாள் பசையின் அம்மா. "அழுதுக்கிட்டே செஞ்சு முடிச்சுட்டா இல்ல? தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க."

பிறகு, படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த அக்காவிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "மன்னிச்சுக்கங்க அக்கா. உங்களை மிதிச்சுட்டுப் போயிட்டா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிதிக்கட்டும்மா. பொழைச்சுப் போகட்டும்."