எரிமலைப் பள்ளத்தில் கிடைத்த சலாம்

ஜின், பேய் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில், கிழக்கிலங்கையின் மருதமுனையில் சாரம் நெய்து விற்றுக்கொண்டிருந்த என்னைக் கொழும்பு முதலாளி ஒருவர் துணி வாங்க ஜாவாவுக்குக் கூட்டிப்போனார். நெசவுக் கிராமம் ஒன்றுக்குப் போக எரிமலைச் சரிவைக் கடக்கவேண்டும். வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் முதலிலேயே எச்சரித்ததை, மலாய் தெரிந்த முதலாளி எனக்குச் சொன்னார்.

"புல்லு முளைக்காத பள்ளத்துக்க இறங்கப்படாதாம். காத்து வீசாத நாளையில மலைக்குள்ளால வாற நஞ்சுக் காத்து அதுக்குள்ள தண்ணி மாதிரி தேங்கி நிக்குமாம். மணமும் இல்லையாம். தலை சுத்தினா குந்தாம மேட்டுக்கு ஏறட்டாம்."

ஓம் என்று தலையாட்டினேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது, முன்னால் போன இருவரும் மறைந்துவிட்டார்கள், கூப்பிட்டால் பதில் இல்லை, கால் சறுக்கி எங்கோ உருண்டு விழுந்தேன். கையை ஊன்றினால் மண் சுடுகிறது. பக்கத்தில் ஒரு குருவி செத்துக் கிடந்தது, அதற்கப்பால் இன்னொன்று. எங்கே கிடக்கிறேன் என்று விளங்கிவிட்டது, ஆனால் எழும்ப முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, கூடவே ஒரு நித்திரை. ஊரில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. சாகிற நேரத்தில் ஓதுகிற கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன்.

அப்போதுதான் மேட்டிலிருந்து ஒருவர் கதைத்தார். மலாய் இல்லை, எங்கள் ஊர்த் தமிழ்.

"தம்பி, அதுக்க கிடக்காதீங்க. என்ட சத்தம் வாற பக்கம் வாங்க."

"ஏலாது காக்கா." மூத்த ஆண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏலும். தவண்டாவது வாங்க."

தவழ்ந்தேன். மீன் படுகிறதா, பக்கத்து ஊர் நற்பிட்டிமுனையில் வெள்ளாமை எப்படி என்று அவர் விடாமல் கேட்டார், நான் பதில் சொல்லிச் சொல்லி ஏறினேன். தலை மேட்டைத் தாண்டியதும் மூச்சு வந்தது. பனிக்குள் சாரம் கட்டிய ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

"எங்கட ஊட்ட சலாம் சொல்லுங்க தம்பி."

எந்த வீடு என்று கேட்பதற்குள் பனி மூடிவிட்டது.

முதலாளி வெளிறிய முகத்தோடு ஓடிவந்தார். "யாரோட கதைச்சீங்க? உங்கட சத்தம் மட்டும்தானே கேட்டிச்சி."

ஊருக்கு வந்ததும், கப்பலேறித் திரும்பாதவர்களின் வீடுகளை விசாரித்தேன். ஒருவர் சொல்லிவிட்ட சலாத்தைச் சேர்ப்பிப்பது எங்கள் மார்க்கத்தில் கடமை. ஜாவாப் பக்கம் போனதாகச் சொன்ன ஒருவரின் வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த பெண், "அவர்ர சேதி ஏதும் கொண்டுவந்தீங்களா காக்கா?" என்று கேட்டாள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? பனிக்குள் கதைத்தது அவர்தான் என்பதற்குத்தான் என்ன சாட்சி? சலாத்தைச் சேர்ப்பிக்காமலே திரும்பிவிட்டேன்.

இன்றைக்கும் அந்தத் தெருவால் போனால் அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.