ஐந்து நிமிடப் புள்ளிகள்

என் வீட்டுக்காரர் வில்பட்டியிலிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு, பழனி ரோட்டில் இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டினார். வண்டி அவருடைய முதலாளி பாயுடையது. கொடைக்கானல் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். வண்டி எங்கே போகிறது என்று தெரிய ஆள் வைத்து அதில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி போனில் விழும். என் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

உலை வைத்துவிட்டு அதைப் பார்ப்பேன். புள்ளி மலையை விட்டு இறங்கிக்கொண்டே போகும்.

"என்னையப் பாக்குறதவிட அந்தப் புள்ளியப் பாக்குறதுதான் சாஸ்தி" என்பார் அவர்.

"அது எதுத்துப் பேசாதுல்ல" என்பேன்.

அன்றைக்கு மழை. ரோடு முழுக்க மூடுபனி. வெள்ளனே கிளம்பியவர் விடிந்த பிறகும் போன் பண்ணவில்லை. நான் போட்டாலும் போகவில்லை. புள்ளி பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் நின்றது. அடுத்த புள்ளியும் அங்கேயே. அதற்கடுத்ததும் அங்கேயே.

"பஞ்சராத்தான் இருக்கும் மதினி" என்றான் கொழுந்தன். பாயும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஜீப்பில் போனோம்.

வளைவில் வண்டி இல்லை. அப்போதும் ஒரு புள்ளி விழுந்தது, நாங்கள் நிற்கும் இடத்திலேயே. பாய் போனை நீட்டினார். "இங்கதாம்மா நிக்குது."

கீழே பள்ளம். ஒன்றும் தெரியவில்லை. கொழுந்தன் கயிறு கட்டி இறங்கினான். ரோட்டில் போனவர்களும் இறங்கினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போய்விட்டது. மதியமாகியும் ஒடிந்த கிளை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விட்டுப்போக மனசில்லை. புள்ளி இங்கே இருந்தால் அவரும் இங்கேதானே இருக்க வேண்டும்.

பிறகுதான் உறுத்தியது. அவர் டீக்கு நிற்கும்போது புள்ளிகள் கடுகு சிந்தினது மாதிரி கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். இன்றைக்கு ஒன்றன் மேலேயே ஒன்று. பாயிடம் சொன்னேன். அவர் பெட்டி மாட்டியவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டவர் கெடைக்கிறப்பத்தான் பெட்டி அனுப்பும் பாய். ஒரு நேரம் வெரசா வரும், ஒரு நேரம் வரவே வராது. போன்ல அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு ஒழுங்கா காட்டணும்ல? அதான், வராத நேரத்துக்கெல்லாம் கடைசியா வந்ததையே திரும்பப் போட்டு நெரப்பிக்கிரும்."

"அப்ப வண்டி இங்க நிக்கலையா?"

"அந்த வளைவுல போறப்ப ஒண்ணு வந்திருக்கு. அதுக்கப்புறம் நெசமா எதுவும் வரல."

பாய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "இல்லாத எடத்துலயா இம்புட்டு நேரம் தேடுனோம்?"

"எந்திரிங்க பாய். கீழ போவோம்" என்றேன்.

வளைவுக்கு வளைவு நிறுத்திப் பார்த்தோம். ரொம்பக் கீழே, ரோட்டோரமாக ஒரு முட்டைக்கோஸ் கிடந்தது. பள்ளத்தில் வண்டி. அவருக்கு உயிர் இருந்தது. ஒரு கால் இடுக்கில் நசுங்கி மாட்டியிருந்தது. முன்னாடியே கொண்டுவந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

இப்போது கொழுந்தன் ஓட்டுகிறான். நிரப்பாமல் வைத்துக் கொடுக்கச் சொல்லி பாயிடம் கேட்டேன். உண்மையாக வந்தது மட்டும்தான் விழும். மற்ற நேரம் போன் வெறுமனே கிடக்கும்.

கட்டிலிலிருந்து அவர் கேட்பார். "எங்க போறான்?"

"பெருமாள்மலை தாண்டிட்டான். அதுக்கு மேல தெரியல."

உலை கொதிக்கும். அடுத்த புள்ளி விழும்வரை நான் அரிசி போடுவதில்லை.