ஆணி பிடுங்கிய கை

அந்தப் பலகையின் ஆணிகளைப் பிடுங்கியவன் நான்தான்.

இசக்கிமுத்து அல்ல. நான்! கட்டட வேலையில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அமர்த்தப்பட்டிருந்த பாதுகாப்பு மேற்பார்வையாளன். மாரியம்மாளின் இடுப்பெலும்பு முறிந்தது என்னால். இசக்கிமுத்துவின் பிழைப்பு போனதும் என்னால்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை மதிக்க வேண்டியதில்லை. ஆனால் முழுவதையும் கேளுங்கள்... எந்த இடத்தில் நான் மனிதனாக இருப்பதை விட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியலாம்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில் அப்போது ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். தினமும் வேலை தொடங்கும் முன் கட்டடம் முழுவதும் ஒரு சுற்று வருவேன். சாரத்தில் தளர்ந்த கயிறு, தண்ணீரில் கிடக்கும் மின்கம்பி, மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த ஆணி... எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்டதை அங்கேயே சரிசெய்துவிடுவேன். ஆபத்தான இடங்களில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவேன். அதனால் எனக்கு வேலையாட்கள் வைத்த பெயரே ‘சிவப்புப் பெயிண்டு’. அந்தப் பெயரில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மேல்தளத்தில், குழாய்கள் இறங்குவதற்காக ஒரு சதுர ஓட்டை விட்டிருந்தார்கள். ஓர் ஆள் தாராளமாக விழலாம். அதைப் பெரிய பலகை ஒன்றால் மூடி, சிவப்புக் குறியும் போட்டேன். வாரம் திரும்புவதற்குள் பலகையைக் காணவில்லை. வேறொன்று வைத்தேன். அதுவும் போயிற்று!

பலகை யாருக்குத் தேவைப்படும்? கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடைக்கிற சென்ட்ரிங்காரனுக்கு. அந்த வேலைக்கு அங்கே தலைவன் யார்? இசக்கிமுத்து.

இவ்வளவுதான் என் விசாரணை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவன் கைத்திறன் உள்ளவன், ஆனால் வாய்த்துடுக்குக்காரன். என்னைக் கண்டதும், “அண்ணாச்சி வாராரு, எல்லாரும் சட்டிய எடுத்துத் தலையில கவுத்துக்கிடுங்க!” என்று ஹெல்மெட்டைக் கேலி செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். என் சந்தேகம் தடயத்தைத் தேடிப் போனதா, அல்லது எனக்குப் பிடிக்காத முகத்தைத் தேடிப் போனதா? நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

“ஏலே இசக்கி, ஓட்டைய மூடுன பலகை எங்கல?”

“எந்தப் பலகை அண்ணாச்சி?”

“சிவப்புக் குறி போட்ட பலகை.”

“நான் என்ன பலகையத் தின்னா வளந்தேன்? சும்மா கிடந்தா எடுப்போம். ஓட்டைய மூடிக் கிடக்கத எடுக்க எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

மறுபடியும் சிரிப்பு. அவன் சொன்னதில் ‘சும்மா கிடந்தா எடுப்போம்’ என்பது மட்டுமே என் காதில் தங்கியது. பாதி ஒத்துக்கொண்டுவிட்டான் என்றே முடிவு செய்தேன்.

அடுத்த பலகையைத் தளத்தோடு சேர்த்துக் கான்கிரீட் ஆணி அடித்து இறுக்கினேன். ஆட்களைக் கூட்டி, “இது இனிமே அசையாது. இதுமேல தைரியமா நடக்கலாம்” என்றேன்.

மாரியம்மாள் முன்னால் வந்தாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் சித்தாள், கணவனை இழந்தவள், தன் உழைப்பில் குடும்பத்தை நடத்துகிறவள். பலகைமேல் ஏறி ஒரு காலால் ஓங்கி மிதித்தாள்.

“நெசமாவா சார்? நான் கனத்த உடம்புக்காரி, பாத்துக்கிடுங்க.”

“யானையே நடக்கலாம் தாயி.”

“அப்பம் மயினி நடக்கலாம்” என்றான், அவளை அண்ணி முறை சொல்லி அழைக்கும் இசக்கிமுத்து. அவள் அவன்மேல் சிமெண்டுக் கையை உதறினாள்.

அன்றிலிருந்து அவள் கலவைச் சட்டியோடு அந்தப் பலகைமேல்தான் போய்வந்தாள். சுற்றிப் போகும் தூரம் மிச்சம். என் வார்த்தைதான் அவள் காலடியில் இருந்தது.

அதன்பின் பலகை காணாமல் போகவில்லை. வேறொருவனாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எனக்கோ... ஆபத்து நீங்கியிருந்தது, சந்தேகம் நீங்கவில்லை! திருடன் பிடிபடாமலே தப்பிவிட்டான் என்பது என்னைக் குடைந்தது. ஓட்டையை மூடுவது என் வேலை. திருடனைப் பிடிப்பது என் வேலையா? இந்தக் கேள்வியை அன்று நான் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு மாலை, ஆட்கள் போன பிறகு மேலே ஏறினேன். கடப்பாரையால் ஆணிகளைப் பிடுங்கினேன். உள்ளே விரல் நுழைத்துத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று பலகையை ஒரு பக்கமாகத் தள்ளியும் வைத்தேன். மறுபக்க விளிம்பு தளத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

என் கணக்கு இது. காலையில் முதலில் மேலே வருகிறவன் இசக்கிமுத்துதான். அவனுக்கு முன்பே வந்து, சிமெண்ட் கல் அடுக்குக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன். அவன் பலகையைத் தூக்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பேன். வேறு யாராவது வந்தால் சத்தம் போட்டுத் தடுத்துவிடுவேன். இதில் எங்கே ஆபத்து?

மறுநாள் ஆடி வெள்ளி.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆடி வெள்ளியன்று சித்தாள் பெண்கள் சீக்கிரம் வந்து, வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா? முந்தைய வெள்ளி அவர்களுக்கு அனுமதி கொடுத்ததே நான்தானே! ஆனால் அன்று என் மனத்தில் கிழமையே இல்லை. இசக்கிமுத்து மட்டும்தான் இருந்தான்.

கல் அடுக்குக்குப் பின்னால் குந்தியிருந்தேன். படியில் காலடி கேட்டது. வந்தவள் மாரியம்மாள். தலையில் கலவைச் சட்டி. அவளுக்குச் சற்றுப் பின்னால் இசக்கிமுத்து.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். வாயையும் திறந்தேன்... உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், திறந்தேன். அதே நொடியில் இசக்கிமுத்து படியருகே நின்று பலகையை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மாறியது. ‘கண்டுகொண்டான்! இதோ எடுக்கப் போகிறான்!’ என்று என் நெஞ்சு துள்ளியது. நான் கத்தினால் அவன் உஷாராகிவிடுவானே...

வாயை மூடிக்கொண்டேன்.

“மயினி! நில்லுங்க மயினி!”

கத்தியவன் அவன். அவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் கால் முன்னாலேயே போய்விட்டது. பலகை ஒரு பக்கம் எழும்பியது. சட்டி தளத்தில் மோதிய சத்தம் முதலில், அவள் கீழே விழுந்த சத்தம் பிறகு.

இசக்கிமுத்து படியில் பாய்ந்து இறங்கினான். நான்? நானும் ஓடினேன். எந்தப் பக்கம் தெரியுமா? பின்பக்கச் சாரத்தின் வழியாக இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் வாசலிலிருந்து வருகிறவன்போல வந்து சேர்ந்தேன். அவள் ஜல்லிமேல் கிடந்தாள். அவன் தன் தலைத்துண்டை மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

பொறியாளர் வந்தார். எப்படி நடந்தது என்று என்னிடம்தான் கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்? நான் மேலே போய், ஓட்டையைச் சுற்றிக் குனிந்து பார்த்தேன். என் கை செய்த வேலையை என் கண்ணே சோதித்தது!

“ஆணியப் பிடுங்கியிருக்கு சார்” என்றேன். பிறகு, “இங்கன ஆணி பிடுங்குத சுத்தியல் யார்ட்ட இருக்கு?”

இவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. முதலாவது உண்மை, இரண்டாவது கேள்வி. எல்லோர் கண்களும் இசக்கிமுத்துவின் இடுப்புக்குப் போயின. சுத்தியல் அங்கேதான் தொங்கியது.

அன்றே அவனை நிறுத்திவிட்டார்கள். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னருகே வந்தான். வசவு விழும் என்று காத்திருந்தேன்.

“அண்ணாச்சி, கல்லு அடுக்குக்குப் பின்னால வெள்ள ஹெல்மெட்டு தெரிஞ்சுது” என்றான்.

அங்கே வெள்ளை ஹெல்மெட் எனக்கும் பொறியாளருக்கும் மட்டும்தான். பொறியாளர் அந்த நேரத்துக்கு வருவதே இல்லை.

பையைச் சரிசெய்துகொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

மாரியம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போகாவிட்டால் யாராவது சந்தேகப்படுவார்களே! என்னைக் கண்டதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண் கலங்கியது.

“சார், நாந்தான் முன்னால பலகைய நகட்டிப் போடுவேன். காலையில தளத்துக்குத் தண்ணி விட, அந்த ஓட்ட வழியாத்தான் ஹோஸ் குழாய மேல இழுப்பேன். படி வழியா இழுத்தா மடங்கிக்கிடும். நகட்டிப் போட்டத, சும்மா கிடக்குன்னு யாராச்சும் தூக்கிட்டுப் போயிருப்பாவ. நீங்க ஆணி அடிச்ச பொறவு நான் தொடல சார், சத்தியமா தொடல. என்னய ஏசாதீய.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்!

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? “உடம்பப் பாத்துக்க தாயி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் இன்று குச்சியூன்றி நடக்கிறாள். சுமை தூக்க முடியாது. பூ மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து சரம் தொடுக்கிறாள். நான் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன்.

ஆனால் என்னைத் தின்பது அவள் முகம் அல்ல. இசக்கிமுத்துவின் மௌனம்! அவன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றா? சமயம் பார்த்திருக்கிறானா? அல்லது சொல்லியே விட்டானா... எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் வைத்திருக்கிறார்களா? டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. நிற்காவிட்டால் நடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஊரில் யாரும் அவனை வேலைக்கு வைக்கவில்லை; வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். தொலைவில் இருக்கிறான் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஆறுதல்!

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

தலை நரைத்திருந்தது. என் மனைவி கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டான். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, மெல்லச் சொன்னான்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா கடை கட்டுதாவளாம். கண்ட்ராக்டர் உங்களுக்கு வேண்டிய ஆளாம்லா. ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. கையில தொழில வச்சிக்கிட்டு இன்னும் எம்புட்டு நாளுதான் களை பறிக்க?”

நான் தலையாட்டினேன்.

“நான் அதப்பத்தி யார்ட்டயும் பேசல அண்ணாச்சி” என்றான், டம்ளரைக் கீழே வைத்தபடி.

கெஞ்சினானா? மிரட்டினானா? மன்னித்துவிட்டேன் என்றானா? அவன் போன பிறகும் அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றுக்கும் அது பொருந்தியது.

அவன் கிளம்பும்போது “பாக்கேன்” என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நேற்று அந்தக் கண்ட்ராக்டரே போன் செய்தார். “இசக்கிமுத்துன்னு ஒரு ஆளு, உங்களத் தெரியும்னு சொல்லுதான். எப்படி, வச்சிக்கிடலாமா?”

அவனுடைய வாழ்க்கை என் நாக்கில் வந்து நின்றது. ‘நல்ல வேலைக்காரன்’ என்றால் போதும். ஆனால் அந்த வேலைக்கும் மேற்பார்வைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். என் வெள்ளை ஹெல்மெட்டை அவன் தினமும் பார்ப்பான்...

“கொஞ்சம் கவனமா இருந்துக்கிடுங்க” என்றேன்.

“நல்லவேள சொன்னிய! உங்க வார்த்தைக்கு மேல என்ன இருக்கு அண்ணாச்சி” என்று வைத்துவிட்டார்.

இம்முறை சாக்குச் சொல்லத் திருடன்கூட இல்லை. தெரிந்தே செய்தேன்.

இன்று காலை இசக்கிமுத்து கூப்பிட்டான்.

“சொல்லிட்டியளா அண்ணாச்சி?”

“சொல்லிட்டேன்” என்றேன்.

“ரொம்ப உவகாரம் அண்ணாச்சி” என்றான்.

அந்தக் குரலில் நன்றி இருந்ததா, கேலி இருந்ததா? இத்தனையும் எழுதிய பிறகும் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.