எதிலிருந்து எதற்கு

தம்போயில் யோகேஸ்வரி நடத்தும் கணினி பழுதுபார்க்கும் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மடிக்கணினியின் பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டுமென்றால், பழையதில் சிவப்பு டேப், புதியதில் பச்சை டேப் ஒட்டுவார். பிறகு வாடிக்கையாளரைத் திரை முன் நிறுத்தி, எதிலிருந்து எதற்குப் போகிறது என்று சத்தமாகப் படிக்கச் சொல்வார். படித்தால்தான் பொத்தானை அழுத்துவார். திசை மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் ஏறிவிடும். இருந்ததெல்லாம் போய்விடும்.

அப்படி ஒருமுறை போயிருக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன், காஹாங்கிலிருந்து வந்து ஹேமநாதன் கடையில் அவர் வேலை பார்த்த காலம். கஸ்தூரி என்ற ஆசிரியை தன் கணினியைக் கொண்டு வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம். அவருடைய படங்கள் எல்லாம் அதில்தான். முதலாளி ஹேமநாதனே உட்கார்ந்தார். காதில் போன், வாயில் அரட்டை. திசையை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆசிரியை திரும்பி வந்தபோது யோகேஸ்வரியைக் கைகாட்டி, இந்தப் பெண் செய்த வேலை, இன்றோடு நிறுத்திவிட்டேன் என்றார்.

கஸ்தூரி திட்டவில்லை. ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். அதன்பின் கோயிலில் யோகேஸ்வரியைக் கண்டால் வேறு வரிசைக்கு மாறிக்கொள்வார். நான் செய்யவில்லை என்று சொல்லப் போன இரண்டு முறையும் வீட்டுக் கேட் திறக்கவில்லை. யோகேஸ்வரி சொந்தக் கடை போட்டார், பெயர் எடுத்தார். அந்த ஒரு வீட்டில் மட்டும் அவர் பெயர் கெட்டபடியே கிடந்தது. ஹேமநாதனை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க முயலவும் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அந்த ஹேமநாதனே படியேறி வந்தார். கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஊர்ச் சங்கம் ஒன்றின் செயலாளர். கையில் சாகக் கிடக்கும் மடிக்கணினி, கூடவே சங்க விருந்தின் குலுக்கலில் பரிசாக விழுந்த எஸ்எஸ்டி. பழைய டிஸ்கில் 380 ஜிபி இருந்தது. புதியது 240 தான் கொள்ளும். இரண்டு கடைகளில் முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மகள் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன, வேறு நகல் இல்லை என்றார்.

முடியும் என்றார் யோகேஸ்வரி. ஆனால் எதை விடுவது என்று அவரே சொல்ல வேண்டும். ஹேமநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்திய வீடியோக்கள் மட்டும் 90 ஜிபி. கடையில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் நான்கு பேரும் எட்டிப் பார்க்க, யோகேஸ்வரி ஒவ்வொன்றாகப் பெயர் படித்தார்.

"2017 ஆண்டு விருந்து, உங்க பேச்சு, ஒன்றரை மணி நேரம். வேணுமா அண்ணே?"

"விட்டுரு லா."

கிள்ளானில் பேசியது, மூவாரில் பேசியது எல்லாம் போயின. கடைசியில் கல்யாணமும் சங்கப் பதிவேடும் மிஞ்சின, இடம் பொருந்தியது. சிவப்பும் பச்சையும் ஒட்டியாயிற்று. ஹேமநாதன் எழுந்து நின்று, சிவப்பிலிருந்து பச்சைக்கு என்று படித்தார்.

யோகேஸ்வரியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"டீச்சர் கம்ப்யூட்டர்ல எதிலேருந்து எதுக்குப் போச்சு அண்ணே? அதையும் படிங்க."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். பழைய கதை எதற்கு என்றார். யோகேஸ்வரி கணினியை மூடி அவர் பக்கம் தள்ளினார். வேறு கடைக்கு எடுத்துப் போகலாம் என்றார். ஆனால் இந்த டிஸ்க் இன்னொரு முறை சுழலும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது பொய் இல்லை, ஹேமநாதனுக்கும் தெரியும்.

"நான்தான் மாத்திப் போட்டேன்," என்றார் ஹேமநாதன். "நீ பக்கத்துலயே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத் தெரியுமே."

கஸ்தூரியின் எண்ணை யோகேஸ்வரியே எழுதிக் கொடுத்தார். ஹேமநாதன் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். முதல் முறை சுற்றி வளைத்தார். யோகேஸ்வரி அழிக்கச் சொன்னார். இரண்டாவது நேராக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் பொத்தான் அழுந்தியது.

மூன்று மணி நேர வேலை. நடுவில் நிறுத்த முடியாது. அரை மணியில் ஹேமநாதனின் போன் அடிக்கத் தொடங்கியது. கஸ்தூரி பதில் போடவில்லை. அந்தக் குரலை அப்படியே கோயில் குழுவுக்கும் சங்கக் குழுவுக்கும் அனுப்பியிருந்தார். சங்கத் தலைவர் அழைத்தார், பிறகு பொருளாளர், பிறகு ஹேமநாதனின் மனைவி. எழுந்து போக முடியவில்லை. கல்யாணம் பாதிதான் ஏறியிருந்தது. காத்திருந்தவர்கள் தங்கள் வேலை முடிந்தும் கிளம்பவில்லை. யோகேஸ்வரி எல்லோருக்கும் பால் சேர்க்காத தே ஓ வரவழைத்தார், ஹேமநாதனுக்கும் ஒன்று.

வேலை முடிந்ததும் மகளின் படங்களை ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து காட்டினார். ஒன்றும் குறையவில்லை. ஹேமநாதன் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு, இப்போது மனசு ஆறியதா என்று கேட்டார்.

"உங்க படம் எல்லாம் வந்துருச்சு அண்ணே," என்றார் யோகேஸ்வரி. "டீச்சரோடது வரல."

பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்.