இரவல் கதிரைகள்

எழுபதுகளில், பினாங்கில் தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை, அனலைதீவில் இருந்த நாங்கள் தத்தெடுக்க விரும்பினோம். அதற்கு ஒரு உத்தியோகத்தர் வந்து எங்கள் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதற்குக் கட்டவேண்டிய கட்டணத்துக்கே என் காப்புகளை விற்றாயிற்று. வருபவர் உட்காரக் கதிரை வாங்க ஏது காசு? அயல் வீடுகளிலெல்லாம் கேட்டு ஆறு கதிரை இரவல் வாங்கிப் போட்டேன்.

அறிக்கை எழுத வந்த அம்மா ஒரு கதிரையைத் திருப்பினார். பின்பக்கம் ‘செல்லம்மா’ என்று பெயின்றில் எழுதியிருந்தது. கலியாண வீடுகளில் மாறிப்போகாமலிருக்க எங்கட ஊரில் அப்படிச் சொந்தக்காரர் பெயரை எழுதுவது வழக்கம். அவசரத்தில் அதை மறந்தே போனேன். அடுத்ததில் ‘அந்தோனி’.

“இதில உம்மட கதிரை எது?”

“ஒண்டும் இல்லை, அம்மா.”

சிரித்துவிட்டார். “பிள்ளைக்குச் சுகமில்லையெண்டால் இந்தக் கதிரைக்காரர் வருவினமோ?”

“கூப்பிடாமலே வருவினம்.”

அதைத்தான் அறிக்கையில் எழுதினார்.

மகள் வந்த அன்று அதே ஆறு கதிரைகளையும் மறுபடி இரவல் வாங்கினேன். சொந்தக்காரரே வந்து அவரவர் கதிரையில் இருந்துகொண்டார்கள். எனக்குத்தான் இருக்க இடமில்லை.