இரண்டு பொட்டலமும் ஒரு வயிறும்

எழுதுகிறவர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கட்டுரை எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பூக்கடைச் சீட்டுதான். நாலு பேர் படிக்கிற இடத்தில் என் வயிற்றைப் பற்றி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் யாராவது நேரில் நின்று "என்ன ஆச்சு?" என்று கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நான் பார்க்கப் போவதில்லை.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் தராசுப் பக்கம் நிற்பது என் வேலை. இருக்கிற சரக்கிலேயே கனம் குறைந்த சரக்கை, கடைத்தெருவிலேயே கனம் கூடின ஆள் எடை போட்டால் சும்மா விடுவார்களா? "வே, தராசுகிட்ட நின்னு மூச்சு விடாதேயும். மல்லி பறந்திரும்" என்பார் கடை அண்ணாச்சி. நானும் சிரிப்பேன். சிரித்தாலே மூச்சு வாங்கும்.

உடம்பைக் குறைக்கிற முதல் ஆபரேஷனை நான் முடிவு செய்யவில்லை. என் மச்சினன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மதுரையில் டாக்டரையும் பார்த்துப் பேசி, நாளையும் குறித்துவிட்டு, "அத்தான், பை எடுத்து வச்சிட்டேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் போய்ப் படுத்தேன். வயிற்றை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் விட்டார்கள். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் போட முடிந்தது. அதைப் பார்க்க மச்சினன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அப்புறம் ஒவ்வொரு கிலோவாகத் திரும்பி வந்தது. காரணம் டாக்டருக்குத் தெரிய நாளானது, எனக்கு அன்றைக்கே தெரியும். அந்தச் சின்ன வயிற்றுக்குள் சோறு போகாது, இட்லி போகாது. பாயசம் போகும். பாதாம் பால் போகும். ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் சாப்பிடாமல் வர முடியுமா? தெருவில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு. நான் இலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா தூக்குச்சட்டியோடு வந்து நின்று, "என்னண்ணாச்சி, எங்க வீட்டுப் பாயசம் ஒங்களுக்கு எறங்காதோ?" என்றார்கள். இறங்கியது. மூன்று தம்ளர் இறங்கியது.

இது போதாதென்று நெஞ்செரிச்சல் வந்து சேர்ந்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி வரும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலிதான் என் கட்டில்.

இந்தத் தடவை மதுரைக்கு நானும் என் மனைவியும் மட்டும் போனோம். டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு ஒரு தாளில் படம் வரைந்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, விரிந்துபோன வயிற்றை மறுபடியும் வெட்டிச் சிறியதாக்குவது. அது சின்ன ஆபரேஷன், ஆனால் நெஞ்செரிச்சல் போகாது, கூடவும் செய்யலாம். இன்னொன்று பைபாஸ். வயிற்றின் மேல்பாகத்தில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதில் குடலைக் கொண்டுவந்து இணைப்பது. நெஞ்செரிச்சலுக்கு அதுதான் நல்லது. ஆனால் பெரிய வேலை, அதற்குரிய ஆபத்தும் உண்டு, ஆயுசுக்கும் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும்.

"இன்னொண்ணு, பைபாஸுக்கு அப்புறம் இனிப்புச் சாப்பிட்டா நிறைய பேருக்குப் படபடன்னு வரும். வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். படுத்துக்க வேண்டியதுதான்" என்றார்.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

"எதைப் பண்ணினாலும் வாய்க்குத் தையல் போட முடியாதுங்க. அது உங்க பொறுப்பு. யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவள், "ரெண்டாவது மட்டம் வயித்த வெட்டணும்னாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது. அதுலயும் பெருசு எதுக்கு? சின்னதே போதும்" என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் வந்து இறங்கியதும், "பூக்கட்டிப் பாத்திருவோம்" என்றாள்.

இரண்டு மனசாக இருக்கும்போது எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு. எங்கள் ஊர்ச் சாமியோ ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். இதுவா அதுவா என்று கேட்டால் இரண்டும் என்று சொல்லிவிடக்கூடிய சாமி. அதனால் அம்மனிடமே கேட்பது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம்.

அவள் இரண்டு பொட்டலம் வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிவப்பு என்றால் பைபாஸ், வெள்ளை என்றால் பழைய ஆபரேஷனே மறுபடியும். "வாசன வந்தா கண்டுபிடிச்சிருவியன்னுதான் மல்லியும் ரோசாவும் வாங்கல" என்றாள். கெட்டிக்காரி. சன்னதிக்கு வெளியே ஓரமாக வைத்துக் கும்பிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். இலைக்கு மேலே விரல் பட்டதும் தெரிந்துவிட்டது. விறைப்பாக இருந்தது செவ்வரளி மொட்டு. பஞ்சு மாதிரி அமுங்கியது நந்தியாவட்டை. இத்தனை வருஷமாகப் பூவிலேயே கிடக்கிற கைக்கு இலையும் நாரும் ஒரு மறைப்பா?

"தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"எது எதுன்னு."

அவள் எடுக்க முடியாது. கட்டினதே அவள்தான். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டாள். அவர்கள் இரண்டையும் கையில் வாங்கி, "இது அரளில்லா? இது நந்தியாவட்டை. எதுக்கு இத இப்படிக் கட்டி வச்சிருக்கிய? மாலையாக் கட்டிக் குடுங்க, அம்மனுக்கு நல்லாருக்கும்" என்றார்கள். அவர்களும் பூக்கட்டுகிற வீடாம்.

அடுத்தது பேண்ட் சட்டை போட்ட ஒரு பெரியவர். பூவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது என்று பார்த்துக் கேட்டோம். அவர், "மொதல்ல விஷயம் என்னன்னு சொல்லும்மா. தெரிஞ்சால்லா சரியானத எடுக்க முடியும்?" என்றார். என் மனைவி கும்பிடு போட்டுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டாள்.

பிரகாரத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்தோம்.

"இந்த ஊருல சாமிகிட்டயும் கேக்க வழியில்ல. நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்கு எது வேணும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"பைபாஸ்" என்றேன்.

"எதுக்கு?"

"இனிப்புச் சாப்பிட்டாப் படபடன்னு வரும்லா. மயங்கி விழுந்திருவேன்னு சொன்னா, யாரும் பாயசம் ஊத்த மாட்டாவ."

அவள் என்னையே பார்த்தாள். "வேண்டாம்னு ஒத்த வார்த்த சொல்ல மாட்டாம, கொடல வெட்டி ஒட்டப் போறியளா?"

"நெஞ்செரிச்சலும் நிக்கும்லா."

"அதல்லா மொதல்ல சொல்லணும்!"

தூணில் சாய்ந்துகொண்டாள். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "போன மட்டம் உள்ள கொண்டுபோயிக் கதவ அடைச்சாவல்லா. நீங்க மயக்கத்துல கெடந்திய. வெளிய இருந்த எனக்கு யாரும் மயக்க மருந்து குடுக்கல."

பொட்டலத்தின் நாரைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அந்த நாற்காலில கெடந்து முடியல. ஒன் பக்கத்துல வந்து படுக்கணும்" என்றேன்.

அவள் சட்டென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "கோயில்ல வச்சுப் பேசுத பேச்சா இது?" என்று என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினாள். முகம் சிவந்துபோயிருந்தது. இரண்டையும் பிரித்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகவே அர்ச்சனைத் தட்டில் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். "சரி, பைபாஸே பண்ணுங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

கண்டிஷன் வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. தட்டில் ஒரு தோசை வைத்தாள். அதில் பாதியை நான் மெதுவாகத் தின்று முடித்ததும் கரண்டியோடு வந்து நின்றாள்.

"தேங்கா போளி ஒண்ணு இருக்கு. வைக்கட்டா?"

"ம்..."

"என்ன ம்? வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாம்."

"எனக்கே கேக்கல. பாயசக்காரிக்கு எப்படிக் கேக்கும்? நான் கையால செஞ்சதுங்க, ஒரு வாய்!"

"வேண்டாம்."

"எங்க வீட்டுப் பலகாரம் எறங்காதோ?"

"வேண்டாம்னா வேண்டாம்!" என்றேன். அடுத்த வீட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் மதுரைக்குப் போன் செய்து, பைபாஸ் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். பிறகு கடைக்குப் போனேன். மழை பெய்ததால் சம்பங்கி வரத்து இல்லை.